பின்மூடியின் உட்புறம்

ஜூலை 15, திங்கள்

இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பதினைந்து வருடம் மூடியிருந்தது போதும். ஜெகதீசனைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறேன். எழுதி முடித்ததும் கடிகாரம் சேர்ப்பவர்கள் குழுவில் அப்படியே போடுவேன்.

நேற்று அவன் யூடியூபில் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். பழைய கைக்கடிகாரம் வாங்குவதற்கு முன்னால் அது அசல்தானா என்று பார்ப்பது எப்படி. பதினெட்டு நிமிடம். அதில் அவன் சொன்ன ஒரு சொல்கூட அவனுடையது இல்லை. "டயலை முதல்ல பார்க்காதீங்க. டயல்தான் பொய் சொல்லும். பின்மூடியைத் திறங்க." இது நான் சொன்னது. டவுன்ஹால் பக்கம் பிளாட்பாரத்தில் வார் விற்றுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, லென்ஸைக் கண்ணில் மாட்டிவிட்டு, கம்பெனி அச்சுக்கும் மறுபடி பூசிய அச்சுக்கும் எழுத்தின் ஓரத்தில் என்ன வித்தியாசம் என்று காட்டியவன் நான். அந்த விதியை நான் எப்படிக் கற்றேன் என்பது வேறு விஷயம். என் பெயரை அவன் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

கல்லூரியிலும் இதேதான் நடந்தது. இருபத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். துறைத்தலைவர் நாற்காலி எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. என் மனைவி சுதா சென்னையில் அவள் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் சரியாகச் சொன்ன எதையும் அவள் மன்னித்ததில்லை.

கேஸ் புக் செய்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, வால்வு மாற்ற வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டு நாள். காற்று ஆரம்பித்துவிட்டது. வடவள்ளியில் இந்த மாதம் முழுக்க வாசல் கேட் தானாகத் திறந்து மூடும்.

காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். மணிமொழி, வயது முப்பத்து நான்கு, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸில் வேலை. கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"ஜெகதீசன் சார்தானுங்க உங்களப் பாக்கச் சொன்னாரு. நீங்க சொன்னீங்கன்னா அதுக்கு மேல பேச்சே இல்லைன்னாரு."

ஜெகதீசன் எனக்கு ஆள் அனுப்புகிறான். நான் அதை நம்பவில்லை.

பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சாவி கொடுக்கும் ஸ்விஸ் கடிகாரம், எஃகு உடல், வெள்ளை டயல், வார் இல்லை. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. கூடவே மடிப்பில் கிழிந்த ஒரு கேரண்டி அட்டை. அட்டையிலிருந்த எண்ணும் பின்மூடியில் இருந்த எண்ணும் ஒன்று. அவள் அதை ஜெகதீசன் தன் பழைய கடிகாரக் கடைக்காக நெட்டில் போட்ட விற்பனைப் படத்தில் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"எங்கம்மா கல்யாணத்துல எங்க தாத்தா அப்பாவுக்குப் போட்டதுங்க. எண்பத்தஞ்சுல. அப்பா இதைக் கழட்டவே மாட்டாரு. குளிக்கறப்ப மட்டும் ஆணியில மாட்டுவாரு."

அப்பா பெயர் செங்கோட்டுவேலு. தறி ஃபிட்டர். 2003இல் தறி முதலாளி பத்துப் பேருக்கு முன்னால் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டானாம். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. பால் தூக்குச் சட்டி மட்டும் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிடைத்தது. அப்போது இவளுக்குப் பதின்மூன்று வயது.

வீடு அவர் பெயரில் இருக்கிறது. அதற்காக அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போட மாட்டேன் என்கிறாள்.

"வீட்டு மேல ஆசைப்பட்டு கேக்கலீங்க சார். அந்த மனுசன் எங்கள வேண்டாம்னுட்டுப் போனாரா, இல்ல வரணும்னு நெனச்சு வர முடியாமப் போச்சா, அது தெரியாம அவரச் சாகடிக்க மாட்டேன்னு அம்மா சொல்றாங்க. இருபத்தோரு வருசமா அதையேதான் சொல்றாங்க."

"கடிகாரம் அதைச் சொல்லுமா?"

"தெரியலீங்க. ஆனா அப்பாவோடதுதானான்னு மொதல்ல தெரியணும். உள்ள எல்லாம் மாத்தி விப்பாங்களாமே. ஒரிஜினல்னு நீங்க சொன்னா வாங்கிக்குவேன்."

ஜெகதீசன் முன்பணம்கூடக் கேட்கவில்லையாம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று சும்மாவே கொடுத்தனுப்பியிருக்கிறான். இதில் ஏதோ இருக்கிறது. ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பின்மூடியைத் திறந்தேன்.

பழுது பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியும் தன் குறியும் கீறி வைப்பார்கள். கட்டுகிறவருக்கு அது தெரியாது. அதே கடிகாரம் மறுபடி வந்தால் யார் எப்போது திறந்தார்கள் என்று அடுத்தவனுக்குத் தெரியும். டாக்டர் சீட்டு மாதிரிதான்.

இதில் மூன்று கீறல்கள். 1991. 1997. இரண்டும் ஒரே கை, திருச்செங்கோட்டுக் கடையாக இருக்கும். மூன்றாவது 14-3-08. அதன் பக்கத்தில் இருக்கும் குறி யாருடையது என்று சொல்வதற்கில்லை. இப்போதெல்லாம் பொழுதுபோக்குக்காகத் திறப்பவர்கள்கூடத் தங்களைப் பெரிய ரிப்பேர்காரர்களாக நினைத்துக் கீறி வைக்கிறார்கள்.

மிஷின் உடலுக்குப் பொருத்தமானது. திருகுகளின் தலை அதிகம் தேயவில்லை. டயலில் மட்டும் எழுத்து ஒரு மாதிரி இருக்கிறது, கம்பெனி மாடல்களின் படப் புத்தகத்தில் இருப்பதைவிடச் சற்று மெலிவு.

உடலுக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அழுக்கு. எல்லாப் பழைய கடிகாரத்திலும் இருக்கும்: வியர்வை, தோல், எண்ணெய், கட்டியவன் உடம்பின் ஒரு பகுதி. பல்குச்சியால் எடுத்தேன். கறுப்பாக இல்லை. சாம்பல் வெள்ளை. விரலில் தேய்த்தால் மாவாக வந்தது. திருநீறு.

கடிகாரம் நான்கு பத்தில் நின்றிருக்கிறது. சாவி கொடுக்கவில்லை. பழைய எண்ணெயோடு ஓட்டினால் பல் தேயும்.

ஜூலை 20, சனி

காலையில் நான்கு முப்பத்தைந்து காட்டுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் உறைந்து நின்ற கடிகாரத்தில் சுருள்வில்லில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். வெயில் ஏறினாலோ மேஜை அதிர்ந்தாலோ சற்று ஓடிவிட்டு மறுபடி நிற்கும். வகுப்பில் இதை நான் நடத்தியிருக்கிறேன்.

பிளம்பர் வரவில்லை.

ஜூலை 22, திங்கள்

நான்கு முப்பத்தைந்திலேயே நிற்கிறது.

மணிமொழியை ஃபோனில் கூப்பிட்டு அப்பா திருநீறு பூசுவாரா என்று கேட்டேன்.

"அப்பாவா?" சிரித்துவிட்டாள். "கறுப்புச் சட்டைங்க சார் அவரு. எங்கம்மா வெள்ளிக்கெழம நெத்தியில வெச்சு விட வந்தா, அடுப்புச் சாம்பல எங்கிட்ட எதுக்குக் கொண்டார்ற, பாத்திரத்துக்குப் போடும்பாரு. எதுக்குங்க கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை, அழுக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பாவின் எந்த நினைவை இவள் வைத்துக்கொண்டிருக்கிறாளோ, பாவம். மனிதர்கள் ஐந்து வருடத்தில் மாறிவிடுகிறார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு வந்து நின்ற அந்தக் கையை இவளுக்குக் காட்டினால் அடையாளம் தெரிந்திருக்குமா என்ன.

ஜூலை 23, செவ்வாய்

நேற்று எழுதியதில் கடைசி வரி தேவையில்லாதது. அடிக்கவில்லை. அடித்தால் அடித்தது தெரியும்.

ஜூலை 25, வியாழன்

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு லில்லி டீச்சர் மதில் மேல் எட்டிக் கூப்பிட்டார்.

"சார், ஒங்க வீட்டுக்கு யாரோ பெரியவர் வந்தாரே, பாத்தீங்களா?"

"யாரும் வரவில்லையே."

"கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருந்தாருங்க. நல்ல வெயிலு. உள்ள போங்கன்னேன். இல்லம்மா, டைம் என்னாச்சுன்னு மட்டும் கேட்டாரு. பன்னெண்டரைன்னேன். அதக் கேட்டுட்டு எடது மணிக்கட்ட இப்பிடிப் புடிச்சுப் பாத்துக்கிட்டாரு. வாட்ச் கட்டி இருந்தா பாப்போமே, அந்த மாதிரி. கையில ஒண்ணும் இல்ல."

"பிச்சைக்காரராக இருக்கும்."

"பிச்சை கேக்கலீங்களே. கையெல்லாம் துன்னூறு. நேத்தும் வந்திருந்தாரு, இதே நேரத்துக்கு. சொந்தமாக்கும்னு நெனச்சுட்டேன்."

இது பேரூர்க் கோயில் பக்கம். ஆடி மாதம். இப்படி நூறு பேர் அலைவார்கள்.

கேட்டுக்குக் கயிறு கட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

கடிகாரத்தின் இடுக்கைப் பத்தொன்பதாம் தேதியே சுத்தம் செய்துவிட்டேன். பெட்ரோல் தொட்டுத் துடைத்து, லென்ஸில் பார்த்து, ஒரு துகள்கூட இல்லை என்று உறுதி செய்து கண்ணாடி மூடியின் கீழே வைத்தேன். இன்று மறுபடி இருக்கிறது. அதே சாம்பல் வெள்ளை. ஆடிக் காற்றின் தூசி ஜன்னல் இடுக்கு வழியாக எங்கும் போகும் என்பது உண்மைதான். ஆனால் தூசி கண்ணாடி மூடியின் வெளியேயும் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

ஐந்து மணி காட்டுகிறது.

மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது அது என் இடது கையில் இருந்தது. என் பழைய வார் ஒன்றில் கோத்து, மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. நான் இரண்டாவது ஓட்டையில்தான் கட்டுவேன். கழற்றினேன். கட்டியிருந்த இடத்தில் வட்டமாக வெளுத்த தோல். வெகுகாலம் கட்டிக் கழற்றியதுபோல. நான் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

ஒருவேளை தூக்கக் கலக்கத்தில் நானே எடுத்துக் கட்டியிருப்பேன். பிரஷர் மாத்திரையை மாற்றியதிலிருந்து மறதி கொஞ்சம் இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. நாளையே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு மணிமொழியைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக விளக்கினேன். பின்மூடி உங்கள் அப்பாவின் கடிகாரத்துடையதாக இருக்கலாம். மற்றது எல்லாம் பல இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. டயல் கம்பெனி டயல் இல்லை. இப்படி ஒட்டுப்போட்டு விற்பது ஜெகதீசனுக்குப் புதிதில்லை. மூடியின் உள்ளே இருக்கும் தேதிக்கு அர்த்தம் கிடையாது, பழையதாகக் காட்டுவதற்காக யார் வேண்டுமானாலும் கீறலாம்.

"உள்ள தேதி இருக்குதுங்களா?" என்றாள்.

அதை அவளிடம் முன்பு சொல்லவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்ன தேதிங்க?"

"அதற்கு அர்த்தம் கிடையாது என்றேனே."

ஃபோனில் அவளுக்குப் பின்னால் ஏதோ லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

"அப்ப அம்மாகிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லீரட்டுங்களா?"

"சொல்லிவிடுங்கள். அது போலி."

"சரிங்க சார். இத்தன நாள் உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்."

மாலை முழுக்க ஜெகதீசனைப் பற்றிய பதிவை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. தகப்பனைத் தொலைத்த பெண்ணுக்குப் போலிக் கடிகாரத்தை விற்கப் பார்த்தவன். இதைப் படித்த பிறகு அவன் கடைக்கு யார் போவார்கள் என்று பார்க்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

பதிவைப் போடவில்லை. நெட் சரியில்லை.

ஜூலை 29, திங்கள்

லில்லி டீச்சர் இன்று ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன். "தெனமும் வாராருங்களே சார். நீங்க கயிறு கட்டினதுல இருந்து கொஞ்சம் தள்ளி, அந்த வேப்ப மரத்தடியில நிக்கறாரு. இன்னைக்கு மோர் குடுத்தேன், வாங்கிக்கல. டைம்தான் கேட்டாரு."

பன்னிரண்டரைக்கு நான் ஜன்னலோரம் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தடியில் யாரும் இல்லை. டீச்சர் மட்டும் மோர்ச் சொம்போடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 31, புதன்

ஜெகதீசன் வந்தான். பதினோரு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறுகிறான். உடம்பு போட்டிருக்கிறது, முடி சாயம். கேட்டில் கட்டியிருந்த கயிற்றை அவனே அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"சார், நல்லா இருக்கீங்களா. காபியெல்லாம் வேண்டாங்க. சக்கரை வந்துருச்சு."

"நான் கேட்கவில்லை."

"அதுவும் கரெக்ட்டுங்க." உட்கார்ந்தான். மேஜை மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான், தொடவில்லை. "அந்தப் புள்ள கடைக்கு வந்து அழுதுட்டுப் போச்சுங்க. போலின்னு சொல்லிட்டீங்களாமா."

"போலியைப் போலி என்றுதான் சொல்ல முடியும். டயலைப் பார்."

"டயல் பொய் சொல்லும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்க சார்."

"அதை வீடியோவில் சொல்லியிருக்கலாமே, யார் சொல்லிக் கொடுத்தது என்று."

"நீங்கதான் 'எம் பேரச் சந்தையில சொல்லாதடா'ன்னு பதினோரு வருசம் முந்தித் திட்டி அனுப்பிச்சீங்க. மறந்துட்டீங்களா? நான் மறக்கலீங்க. அதான் சொல்லல." சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துத் துடைத்தான், மாட்டவில்லை. "இது பழுதுக்கு மாத்திப் போடக் கம்பெனியே ஏஜென்டுக்கு அனுப்பின டயல். தண்ணி எறங்கினா மாத்திக் குடுப்பாங்க. எழுத்து மெலிசா இருக்கும். புத்தகத்துல வராது. இதையும் நீங்கதான் எனக்குச் சொன்னீங்க, ரெண்டாயிரத்து ஒம்பதுல. இதே வாட்ச்சக் கையில குடுத்து."

கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்தேன்.

"நீங்க குடுத்ததுதானுங்க சார் இது. அதுக்கப்புறம் சேலத்துக்காரர் ஒருத்தருக்கு வித்தேன். அவர் போன மாசம் தவறிட்டாரு, அவர் பசங்க பெட்டியோட திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க. மூடியத் தெறந்ததும் உங்க குறியப் பாத்தேன். அத நான் எங்க பாத்தாலும் சொல்லுவேன். ஆறு வருசம் உங்க பக்கத்துல உக்காந்தவன். அடுத்த வாரம் இந்தப் புள்ள வந்து, எங்கப்பா ரெண்டாயிரத்து மூணுல போனவருங்குது. ரெண்டாயிரத்து எட்டுல இது உங்க கைக்கு எப்பிடி வந்துச்சுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதுக்குத்தான் அனுப்பி வெச்சேன்."

"நீயே சொல்லியிருக்கலாம்."

"நான் என்னங்க சொல்றது? யாரு கொண்டாந்தாங்க, என்ன பேசினாங்க, எனக்குத் தெரியுமா? நானாப் போய், உங்கப்பா வாட்ச் இந்த சார்கிட்ட இருந்துச்சும்மான்னா என்ன நெனைக்கும்? திருட்டு, கொலைன்னு போகும். உங்க வாயில வரோணும். ஒம்பதாம் தேதி கையெழுத்துங்களாமா. அதுக்குள்ள சொல்லீருங்க."

எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே கேட்டான்.

"வெளிய மரத்தடியில நிக்கறாரே, அவரு யாருங்க சார்? உள்ள கூப்பிட மாட்டீங்களா?"

ஆகஸ்ட் 1, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்தானே.

2008 மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை. துறைத்தலைவர் நாற்காலி மற்றவனுக்கு என்று உத்தரவு வந்து இரண்டாம் நாள். கல்லூரிக்குப் போகவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ஒருவர் கேட்டில் நின்றார். காவி இல்லை, அழுக்கான வெள்ளை வேட்டி. கை முழுக்கத் திருநீறு. பேரூர்க் கோயில் பக்கம் இருப்பவர் என்று நினைத்தேன். வாட்ச் பார்க்கிற வாத்தியார் வீடு இதுதானா என்று கேட்டார்.

கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். மூன்றாவது ஓட்டை. கட்டியிருந்த இடம் வெளுத்திருந்தது.

"இதைக் குடுத்துட்டு என்ன கெடைக்குமுங்க? ஊருக்குப் போகோணும். அஞ்சு வருசமாச்சு. வெறுங்கையோட போக முடியாதுங்க. பொண்ணு பெரிசாயிருக்கும். அவளுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போகோணும்."

நான் டயலைப் பார்த்தேன். டயலை மட்டும் பார்த்தேன். எழுத்து புத்தகத்தில் இருப்பதைப்போல இல்லை. எனக்கு அன்றைக்கு யாரையாவது தவறு என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கே திருடினீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டதுங்க."

"அப்படியானால் உங்கள் மாமனார் உங்களை ஏமாற்றியிருக்கிறார். இது போலி. கால் காசு பெறாது."

அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வகுப்பில் நடத்துவதுபோல விளக்கம் சொன்னேன். அச்சு எப்படி இருக்க வேண்டும், இது எப்படி இருக்கிறது. பையன்கள் முன்னால் பேசினால் கேட்பார்களே, அந்தக் குரலில். அவர் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "போறதுக்கு இது ஒண்ணுதாங்க வெச்சிருந்தேன். இதுவும் பொய்யின்னா நான் எதை எடுத்துட்டுப் போறதுங்க?"

மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பணம் கேட்கவில்லை. பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டருகே நின்று டைம் என்னாச்சுங்க என்றார். பழக்கத்தில் வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை.

அன்று மாலையே திறந்து சுத்தம் செய்தேன். மூடியில் தேதியும் குறியும் கீறினேன். ரிப்பேர்காரனும் இல்லை, கூலியும் இல்லை, கீறுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று தெரியாது. எனக்கு அந்தப் பழக்கம் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

மறு வருடம் ஒரு பழைய ஏஜென்ட் வீட்டு அலமாரியில் அதே டயலை உறையோடு ஏழெட்டுப் பார்த்தேன். கம்பெனி உறை. அப்போது தெரிந்தது. அவரைத் தேடிப் பேரூர்ப் படித்துறைக்கு ஒரு நாள் போனேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு, கூட்டமாக இருந்தது, திரும்பிவிட்டேன். பிறகு ஜெகதீசனுக்குக் கொடுத்தேன். டயலை முதலில் பார்க்காதே என்று அப்போதுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் அதன் பிறகு எங்கே போனார், எத்தனை நாள் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இதைக் கோர்ட்டில் கேட்டாலும் அதுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடிகாரத்தைப் பஞ்சில் சுற்றி ஜெகதீசன் கடையில் கொடுத்து வந்தேன். அந்தப் பெண் கேட்டால் கொடு, அசல்தான் என்று சொல் என்றேன். "அத மட்டுமா சொல்லறது?" என்றான். வேறு வாடிக்கையாளர் இருந்தார், வந்துவிட்டேன். ஜெகதீசனைப் பற்றிய பதிவை அழித்துவிட்டேன்.

பிளம்பர் வந்து வால்வு மாற்றினான். கயிறு கேட்டில் இல்லை. நான் மறுபடி கட்டவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. காலையிலிருந்து பேரூர்ப் பக்கம் பஸ் நிற்க இடமில்லை. இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறவர்கள். லில்லி டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார். பன்னிரண்டரைக்கு நானே வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றேன். ஒரு மணி வரை நின்றேன். யாரும் வந்து டைம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உள்ளே வந்து கடிதம் எழுதினேன்.

முதல் காகிதத்தில், உங்கள் அப்பா 2008 மார்ச் பதினான்கில் கோயம்புத்தூரில் உயிரோடு இருந்தார் என்று மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்தால், ஐந்து வருடம் உயிரோடு இருந்தும் வராதவர் என்று ஆகிறது. அந்த அம்மா இருபத்தோரு வருடமாகப் பயந்தது அதற்குத்தான். கிழித்தேன்.

இரண்டாவதில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். ஊருக்குப் போகோணும், பொண்ணுக்கு ஏதாச்சும் வாங்கிட்டுப் போகோணும். அவர் உங்களை வேண்டாம் என்று போகவில்லை, வருவதாக இருந்தார், அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் இருந்தார் என்று எழுதினேன். அப்படியானால் ஏன் வரவில்லை என்று அடுத்த வரியிலேயே கேள்வி நிற்கிறது. அதற்குப் பதில் எழுதாவிட்டால் எழுதியது அத்தனையும் அரைகுறை.

மூன்றாவதில் அதையும் எழுதினேன். ஒரு படித்த ஆள் அதைப் போலி என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது தப்பு. அதன் பிறகு அதே ஆள் இன்னொரு முறையும் சொன்னான், அதுவும் தப்பு, அந்த முறை தெரிந்தே சொன்னான். அம்மா கையெழுத்துப் போடலாம். பொட்டு வைத்துக்கொள்வதும் வைக்காததும் அவர் விருப்பம்.

ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வந்திருக்கிறது. கீழே என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். மை ஒரு புள்ளியாக ஊறியது. எடுத்துவிட்டேன்.

ரெஜிஸ்டர் தபால் என்றால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள். ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டால் கேட்க யாரும் இல்லை. நாளை போட்டால் புதன், வியாழனுக்குள் திருச்செங்கோடு போய்விடும்.

பெயரில்லாத காகிதம். எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாது. இப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் போலி என்பேன். மணிமொழி இதை எடுத்துக்கொண்டு, உண்மையா சார் என்று கேட்க எந்த வீட்டுக்கு வருவாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த நிபுணர் நான் ஒருவன்தான்.

அப்போது என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுதவில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பெயர் போடவில்லை. காலையில் போஸ்ட் செய்துவிடுகிறேன்.